மதினியின் காளான் புற்று

போடியில் எங்கள் வீட்டில் காளான் குழம்பு கொதிக்க வேண்டுமென்றால் அண்ணன் மனைவி, என் மதினி, மனசு வைக்க வேண்டும். ஐப்பசியில் இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியுமுன் தனியாகக் கிளம்பிப் போவார். கூடை நிறையக் காளானோடு வருவார். எங்கே பறித்தது என்று அண்ணனுக்குக்கூடச் சொன்னதில்லை. வருஷா வருஷம் அதே கரையான் புற்றைச் சுற்றித்தான் முளைக்கும். இடம் தெரிந்துவிட்டால் ஊரே முந்திக்கொள்ளும். வடுகபட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மதினிக்கு எங்கள் வீட்டில் தனக்கென்று ஒரு பெட்டிகூடக் கிடையாது. அந்த இடம் மட்டும்தான் அவருடையது.

எழுபதுகளில் நான் ஒரு பழைய பெட்டிக் கேமராவை வைத்துக்கொண்டு செடி, கொடி என்று கண்டதையெல்லாம் படம் பிடித்துத் திரிந்தேன். கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஐப்பசியில் மதினியோடு போனேன். "யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது தம்பி" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூட்டிப்போனார்.

ஊருக்கு வெளியே நெட்டையும் குட்டையுமாக இரண்டு குன்றுகள், ரெட்டைக் கரடு. அதன் அடிவாரத்தில் புற்றைச் சுற்றி வெள்ளை வெளேரென்று காளான். வெயில் வரும்வரை மதினியைக் காக்க வைத்தேன். கிட்டப் போனால் அந்தக் கேமராவில் எல்லாம் கலங்கிவிடும். அதனால் தள்ளி நின்று, காளான், முதுகு காட்டிக் குத்தவைத்திருந்த மதினி, பின்னால் கரடு எல்லாம் விழுகிற மாதிரி எடுத்தேன்.

ரோலைக் கழுவக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் என்னைக் கேட்காமலே அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கடை வாசல் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார். சேலையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். குழாயடியில் சேதி கேட்டு வந்த மதினி எனக்குச் சோற்றை வைத்துவிட்டு, "இனிமே அங்கன போயி என்ன செய்ய" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

கடையை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் கோபத்தில் ஓடினேன். வாசலில் கூட்டம்.

"ரெட்டைக் கரடுல்ல இது?" என்றார் ஒருவர்.

"கரடு அதுதான். ஆனா குட்டை இடப்பக்கம்ல நிக்கிது? நம்ம ஊர்லருந்து பாத்தா வலப்பக்கம்ல இருக்கும். இது கரட்டுக்குப் பின்னாடிய்யா. அம்புட்டுத் தூரமா போயிருக்காக!" என்றார் பக்கத்தில் நின்றவர்.

நாங்கள் போனது ஊர்ப்பக்கம்தான். குழம்பிப்போய்ப் படத்தை உற்றுப் பார்த்தேன். மதினியின் முந்தானை வலது தோளில் கிடந்தது. மனுஷன் நெகட்டிவைத் திருப்பி வைத்து, இடம் வலமாகப் பிரிண்ட் போட்டிருக்கிறார்! அப்பாடா என்று அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அடிக்க வந்தவனுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கூட்டம் கலைந்ததும் விஷயத்தைச் சொன்னேன். ஸ்டுடியோக்காரர் பதறிப்போய், "கழட்டிட்டுச் சரியாப் போட்டுத் தாரேன்" என்றார்.

"கைய வச்சீங்கன்னா தெரியும். அப்படியே தொங்கட்டும்" என்றேன்.

வீட்டில் சொன்னபோது மதினி நம்பவில்லை. கோயிலுக்குப் போகிற சாக்கில் கடைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி என் தட்டில் அப்பளம் கூடுதலாக விழுந்தது.

அடுத்த இடிக்கு ஊரில் பாதிப் பேர் கூடையோடு கரட்டுக்குப் பின்பக்கம் அலைந்தார்கள். அதே விடியலில் மதினி என்னை உலுக்கி எழுப்பினார்.

"எந்திரிங்க தம்பி, கூடை தூக்க ஆள் வேணும். கேமரா இங்கனயே கெடக்கட்டும்."