தனி அறை கேட்ட பாடத்திட்டம்

நான் வகுப்பறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பின்னால் முதல்வர் வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். எனக்காகத்தான் எழுந்திருக்கிறார்கள் என்று புரிவதற்குள் முன்வரிசையில் சிரிப்பு கிளம்பிவிட்டது. டொரொண்டோவில் நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் யாரும் எழுந்திருப்பதில்லை. காபியை உறிஞ்சிக்கொண்டே "ஹாய் கல்யாணி" என்பார்கள், அவ்வளவுதான். ஒரு பருவம் மட்டும் விடுப்பு வாங்கிக்கொண்டு, நான் வளர்ந்த மயிலாப்பூருக்குப் பக்கத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்திருந்தேன்.

கனடாவில் நான் கற்றுக்கொண்ட நல்ல வழக்கம் ஒன்று உண்டு. பாடத்திட்டம் எழுத உட்காருவதற்கு முன், யாருக்குச் சொல்லித்தரப் போகிறோம் என்று விசாரிப்பது. எங்கிருந்து வருகிறார்கள், வீட்டில் படிக்க வசதி உண்டா, எதற்குப் பயப்படுகிறார்கள். இங்கே வருவதற்கு முன்பே இணையத்தில் கேட்டு அனுப்பினேன். "எல்லாம் வசதியா இருக்கு மேடம்" என்று ஒருவர் விடாமல் பதில் போட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் முகம் தெரியாத ஆசிரியரிடம் வசதியில்லை என்று சொல்லிவிடுவார்களா என்ன? அத்தனை வருடம் வெளியில் இருந்த எனக்கு அது தோன்றவில்லை. வாராவாரம் வீட்டில் ஒரு தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகப் பேசிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும் என்று திட்டம் போட்டுவிட்டேன்.

ரேவதி மட்டும் ஒரு பதிவும் அனுப்பவில்லை. அடையாற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட குடும்பம் அவளுடையது. இரண்டு பஸ் மாறி வருவாள். வகுப்பில் படபடவென்று பேசித் தள்ளுகிறவள். இந்தப் பாடத்தில் தேறாவிட்டால் வேலைக்கான நேர்முகத்துக்குக் கல்லூரி அவளை அனுப்பாது. தெரிந்தும் இப்படி இருக்கிறாளே என்று எனக்குக் கோபம். கூப்பிட்டுக் கேட்டேன்.

"வூட்ல ஒண்டியா எங்க மேடம் குந்துறது? இருக்கறதே ஒரு ரூமு. நான் வாயத் தொறந்தா அத்தை பதில் சொல்லுது, பக்கத்து வூட்டு அங்கிள் பதில் சொல்றாரு. எப்டி அனுப்புறது?"

"முதல்லயே கேட்டேனேம்மா, ஏன் சொல்லலை?"

"நீங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து கேட்டீங்க. கஷ்டம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் மட்டும் தனி அறையிலா பேசப் பழகினேன்? மயிலாப்பூரில் நான் பாடத்தை உரக்கப் படித்தால், அடுத்த வீட்டு மாமி அங்கே கறிகாய் நறுக்கிக்கொண்டே ஜன்னல் வழியாக, "தப்புடீ, திருப்பிச் சொல்லு" என்பாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசும் பழக்கம் டொரொண்டோ போட்டது. அங்கே கதவைத் திறந்து வைத்தாலும் யாரும் வரமாட்டார்கள்.

திட்டத்தை மாற்றினேன். வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களிடமே பேசட்டும், குறுக்கே கேட்டால் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்தில் தொடரட்டும். "இவ்ளோ சத்தத்துல எப்படி மார்க் போடுவீங்க?" என்றார் துறைத்தலைவர். நேர்முகத்தில் மட்டும் குறுக்கிடாமல் வாயைப் பொத்திக்கொண்டா கேட்பார்கள் என்றேன். மனிதர் அரைமனதாகத் தலையாட்டினார்.

கடைசிப் பதிவுகள் வருவதற்குள் நான் கனடாவுக்குத் திரும்பிவிட்டேன். ரேவதியுடையது ஒரு ஞாயிறு காலை வந்தது. வெளியே பனி. வேலை ஏன் வேண்டும் என்று அழகாகச் சொல்லிக்கொண்டு போனாள். நடுவில் அவள் அம்மாவின் குரல்.

"யாருகிட்ட பேசினுகீற? கனடா மேடமா? அங்க ஒண்டியா கீறாங்களாமே. சாப்ட்டாங்களான்னு கேளு."

"ம்மா, இது ரெக்கார்டிங்மா. அவங்க எப்டி பதில் சொல்லுவாங்க?"

"பரவால்ல, கேளு."

"சாப்ட்டீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு, விட்ட வாக்கியத்தை அப்படியே பிடித்து முடித்தாள் ரேவதி. முழு மதிப்பெண் போட்டேன்.

பிறகு அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை ஓடவிட்டேன். "ஆச்சும்மா, சாப்பிட்டாச்சு" என்று போனைப் பார்த்து உரக்கச் சொன்னேன். உண்மையில், நான் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.