நகர்ந்த சிவப்பு அட்டை

ரமணிக்குக் கமாலின் கைகளை நன்றாகத் தெரியும். முகம்தான் தெரியாது. இரண்டு வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

அவள் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு சாஸ் கம்பெனியில் மெக்கானிக். அவர் அதே கம்பெனியின் சுங்கை பாக்காப் கிளையில். அங்கே மெஷின் படுத்துவிட்டால் இரண்டு பேரும், தூரத்தில் இருப்பதைக் கண்முன் காட்டும் ஒரு தடித்த கண்ணாடியை மாட்டிக்கொள்வார்கள். அங்குள்ள குழாயும் வால்வும் இங்கே ரமணியின் முன்னால் அந்தரத்தில் அப்படியே எழுந்து நிற்கும். நடுவில் கமாலின் கை மட்டும் வந்து போகும். எந்த வால்வைத் திறக்கக் கூடாதோ அதன் மேல் ரமணி ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவாள். வெறும் படம்தான், ஆனால் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியும். அட்டை தொங்கினால் தொடக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

ரமணிக்கு ஒரு கெட்ட பழக்கம். அட்டை பார்வையை மறைத்தால், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குகிற மாதிரி விரலால் தள்ளிவிடுவாள். கண்ணாடியை ‘எனக்கு மட்டும்’ என்று மாற்றி வைத்துவிட்டுத் தள்ளினால் பாதகமில்லை, அவள் கண்ணில் மட்டும்தான் நகரும். அன்றைக்கு மாற்ற மறந்து தொலைத்தாள். அட்டை நீராவி வால்வை விட்டு, பக்கத்துத் தண்ணீர் வால்வின் மேல் போய் உட்கார்ந்தது. கமால் நீராவி வால்வைத் திறந்தார். ஒரு அலறல். அவள் முன்னால் எல்லாம் வெள்ளையாகிப் போனது.

கமாலின் வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. விசாரணை வைத்தார்கள். அட்டையை முதலில் எங்கே மாட்டினார்கள் என்பதை மட்டும்தான் அந்தக் கண்ணாடிக் கருவி பதிந்து வைக்கும். பிறகு நகர்த்தியதை வைக்காது. பெரிய கருவி! தப்பு கமாலுடையது, திங்கட்கிழமை வேலையை விட்டு நிறுத்துவது என்று முடிவாயிற்று. ரமணியைக் கேட்டபோது, “அட்ட போட்டிருந்தேன் சார்” என்றாள். பொய்யில்லை. அந்த மாதம் அவளை சூப்பர்வைசராக ஆக்குவதாக இருந்தார்கள்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி எதிரிலிருந்த தீவுக்குப் போனாள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் தன் அக்கா ஹமீதாவின் வீட்டில்தான் கமால் இருந்தார். கூடத்தில் வழுக்கைத் தலையோடு ஒரு குண்டு மனிதர். இவரா கமால்? ஒல்லியான ஆள் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்!

“அண்ணே, நான் ரமணி.”

“அட, அதே கொரலு! உக்காரு தங்கச்சி. அக்கா, டீ போடுங்க.”

அவள் உட்காரவில்லை. “அண்ணே, அந்த அட்டய நான்தான் தள்ளிட்டேன். வேணும்னு இல்ல. விசாரணயில வாயத் தொறக்கல.”

“தெரியும் லா.”

“எப்படி?”

“அது நகந்தத நான்தான் பாத்தேனே. என் கண்ணு முன்னாடியேதானே போச்சு.”

“பாத்துட்டுமா தொறந்தீங்க?”

“நீ நகத்துனா காரணம் இல்லாம இருக்காதுன்னு நெனச்சேன். ரெண்டு வருஷத்துல ஒரு தடவகூட நீ தப்பா போட்டதில்லயே.”

“அப்போ ஆபீஸ்ல ஏண்ணே சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்” என்றார் கமால். குரலில் கோபமே இல்லை.

ஹமீதா டீயைக் கொண்டுவந்து வைத்தபோது, ரமணி மேனேஜரின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, கமாலுக்கும் கேட்கிற மாதிரி போனை மேசை மேல் வைத்தாள்.