ராத்திரிப் பாலும் மூக்குக் கண்ணாடிக் கடையும்

மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்காருகிறவளுக்கு ஒரு தொல்லை உண்டு: வருகிறவர்கள் எல்லோரும் முதலில் நம் கண்ணைத்தான் பார்ப்பார்கள்.

செங்கல்பட்டில் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் அன்வர் பின்னால் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவார். முன்னால் கண் சோதித்துப் பவர் பார்ப்பது நான். பில் போடுவது என் நாத்தனார் சாபிரா அக்கா. மகள் ஹனியாவுக்குப் பத்து மாதம் முடிந்திருந்த சமயம் அது. பகலெல்லாம் சமர்த்து. ராத்திரியானால் புரண்டு படுக்கும்போதெல்லாம் எழுந்து பால் கேட்பாள். குடித்தால்தான் கண் மூடுவாள். உங்களில் யாருக்காவது கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நாமெல்லாம் ஒரே கட்சி.

குச்சி யார் கையில்

கருங்குழியிலிருந்து ஒரு லாரி டிரைவர் கண் சோதிக்க வந்தார். சுவரில் எழுத்துப் பலகை இருக்கும். நான் குச்சியால் ஒவ்வொரு வரியாகக் காட்ட, அவர் படிக்க வேண்டும். முதல் வரியைக் காட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டேன்.

பாவம், அவர் மிச்ச வரிகளைத் தானாகவே படித்து முடித்து, எழுப்ப மனசு வராமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். குச்சி நழுவி விழுந்த சத்தத்தில்தான் விழித்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். "கடேசி வரி வரிக்கும் படிச்சிட்டேம்மா. இப்ப நீ வந்து குந்து, நான் காட்றேன்."

டாக்டர் சொன்னது

இனி தாங்காது என்று குழந்தை டாக்டரிடம் போனோம். சாபிரா அக்காவும் கூட வந்தார். ஹனியாவை நிறுத்துப் பார்த்து, என்னென்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டுவிட்டு, "வளர்ச்சி நல்லா இருக்கு, ராத்திரிப் பாலை மட்டும் மெதுவாக் குறைக்கலாம்" என்றார் டாக்டரம்மா. பகலில் பாலும் சாப்பாடும் வயிறு நிறையக் கொடுக்கணும். ராத்திரி ஒவ்வொரு தடவையும் குடிக்கிற நேரத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சுருக்கணும். அது பழகின பிறகு, எழுந்தால் அவள் அத்தா அன்வர் தூக்கிச் சமாதானப்படுத்தணும். உடம்புக்கு முடியவில்லை என்றால் எல்லாவற்றையும் ஒத்திப்போடணும்.

"பச்சப் புள்ளய பட்டினி போடச் சொல்றீங்களா?" என்று அக்கா சண்டைக்கே போய்விட்டார். டாக்டரம்மா சிரித்தார். "பசியில எழலைங்க. விடிய விடிய கடை திறந்திருக்கு, அவ சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறா."

இருட்டு ரூமில் இருவர்

பகலில் நிறையக் கொடு என்று சொல்லிவிட்டார்கள். பகலில் குடிக்க ஹனியாவுக்கு நேரம் ஏது? கடைக்கு யார் வந்தாலும் திரும்பிப் பார்ப்பாள். கதவு சத்தம் கேட்டால் பாலை விட்டுவிட்டுச் சிரிப்பாள். அதனால் கண் சோதிக்கிற ரூமில் திரையை இழுத்துவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். அங்கே வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை. நன்றாகக் குடித்தாள்.

ஒருநாள் சிறுசேரியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு கண்ணாடி வாங்க வந்தாள். குழந்தை அழ, திரையை விலக்கி உள்ளே கூப்பிட்டேன். இருட்டில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பிள்ளைக்குப் பால் கொடுத்தோம். அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். "எங்க ஆபீஸ்லயும் இதுக்குன்னே ஒரு ரூம் இருக்குக்கா. எப்பப் போனாலும் உள்ள மீட்டிங் நடந்துகினு இருக்கும்."

அத்தாவின் முறை

பால் குடிக்கும் நேரம் சுருங்கிவிட்டது. அடுத்து அன்வரின் முறை. முதல் ராத்திரி ஹனியா அவர் தாடியைப் பிடித்துத் தொங்காத குறை. நான் பக்கத்து ரூமில் தலையணையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அழுகிற சத்தம் கேட்டதுமே எனக்குப் பால் சுரந்து நைட்டி நனைந்துவிட்டது. எழுந்து கதவு வரைக்கும் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். உள்ளே அவர் தெரிந்த பாட்டை எல்லாம் பாடிக்கொண்டிருந்தார், சுருதியே இல்லாமல். அழுகை விசும்பலாகி, விசும்பலும் நின்றுபோனது. திரும்பி வந்து நான்தான் அழுதேன்.

மறுநாள் அவர் அரைத் தூக்கத்தில் ஒரு கண்ணாடிக்கு லென்ஸை இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டார். வாங்கிப் போனவர் மாமல்லபுரத்தில் சுற்றுலா கைடு. மறுநாளே திரும்பி வந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். கோபப்படவில்லை, அவர் வீட்டிலும் கைக்குழந்தையாம். "இருக்கிற ஒரு கடற்கரைக் கோயிலே ரெண்டாத் தெரிது அண்ணாத்த. டூரிஸ்டுக்கு நான் எதக் காட்றது?"

பல் முளைத்தபோது

நாலைந்து நாள் நன்றாகப் போனது. அப்புறம் ஹனியாவுக்குப் பல் முளைத்தது, கூடவே காய்ச்சல். திட்டத்தை மூட்டை கட்டிவிட்டு, கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். காய்ச்சல் விட்டதும் முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பே இல்லை. கடையில் ஃபிரேம் துடைத்துக்கொண்டே, "நான் ரொம்பக் கல்நெஞ்சக்காரியாக்கா?" என்று சாபிரா அக்காவிடம் கேட்டேன். டாக்டரிடம் சண்டை போட்டவராயிற்றே, ஆமாம் என்பார் என்றுதான் நினைத்தேன்.

அக்கா பில் புத்தகத்தை மூடி வைத்தார். தன் மூன்று பிள்ளைகளுக்கும் ராத்திரி பூரா உட்கார்ந்தே பால் கொடுத்ததைச் சொன்னார். சுவரில் தலை மோதி மோதி எழுந்ததைச் சொன்னார். பிறகு என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். "என்னிய யாராச்சும் போய்த் தூங்குடின்னு சொல்லியிருந்தா நானும் தூங்கியிருப்பேன். நீ போய்த் தூங்கு."

ஆளை மாற்றிவிட்டீர்களா?

மறுபடியும் ஆரம்பித்தோம். இந்த முறை சீக்கிரமே பழகிவிட்டாள். ஒருநாள் கண் விழித்தால் ஜன்னலில் வெளிச்சம். பதறிப்போய் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். நிதானமாக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் மார்பு கல்லாய்க் கனத்தது. கொஞ்சம் பீய்ச்சிவிட்ட பிறகுதான் வலி குறைந்தது. அவள் எழுந்ததும் மடியில் போட்டுக்கொண்டேன். ரெண்டு பேருக்கும் அவசரமில்லை. வயிறு முட்டக் குடித்தாள்.

அன்றைக்குத் தலை வாரி, முகம் கழுவி, தெளிவாகக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. "போன தபா ஒரு அம்மா இருந்தாங்களே, அவங்களக் கூப்பிடுங்க. நாம இன்னா கேட்டாலும் தலையாட்டிகினே இருப்பாங்க."

பிள்ளைக்கு ராத்திரிப் பால் மறந்துபோய்விட்டது. அவள் எழுந்திருப்பாளோ என்று எழுந்து பார்க்கிற பழக்கம்தான் எனக்கு இன்னும் மறந்தபாடில்லை.