மட்டம் பார்த்த பலகை

தம்பி மாரடைப்பில் போய்விட்டான் என்ற செய்தி மாலை ஐந்தரைக்கு வந்தது. அவன் வருவான் என்று அக்கா கோல்ஃப் மட்டையைத் துடைத்து, சக்கர நாற்காலியில் மடிமேல் வைத்துக் காத்திருந்தாள்.

பக்கவாதம் வந்து அவள் மைதானத்துக்குப் போவது நின்றதும், தச்சனான அவன் ஒரு மடக்குப் பலகை செய்து கொண்டுவந்தான். மேலே பச்சைக் கம்பளம், ஒரு முனையில் குழி, அடியில் ஏற்றி இறக்கத் திருகுக் கால்கள். எப்படித் தட்டினாலும் பந்து குழியில் விழுந்தது.

"பாத்தியாக்கா, பழைய கை வந்துடுச்சு!"

"யார் காதுல பூ சுத்துற? குழிப் பக்கம் இறக்கி வச்சிருக்கடா, திருட்டுப் பயலே! மட்டமா வை. தோத்தாலும் நானே தோத்துக்கிறேன்."

அவன் அசடு வழிந்தான்.

செய்தி வந்ததற்கு முந்தின நாள்தான் மட்டம் பார்க்க ரசமட்டத்தோடு வந்து, தரையில் குப்புறப் படுத்தான். குழி முனையின் இடப்பக்கத் திருகுக் காலை உயர்த்தி முடிப்பதற்குள் கடையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"மிச்சத்தை நாளைக்கு வந்து பாக்குறேன்க்கா. அதுவரைக்கும் ஜெயிச்சுக்கோ," என்று சிரித்தபடி கிளம்பினான்.

பலகையின் வலப்பக்கக் கால் இன்னும் தாழ்ந்தே இருக்கிறது.