மூன்றாவதாகப் போட்ட காலேஜ்

போன வாரம் மாடி வீட்டுக் கஸ்தூரிக்கு வாழ்த்துச் சொல்லப் போனேன். கத்திவிட்டு இறங்கி வந்தேன்.

கஸ்தூரிக்கு வடக்குப்பட்டு பக்கம். படப்பையில் எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள், மோனிஷா.

நீட்டில் மோனிஷா வாங்கிய மார்க்கைக் கேட்டுத் தெருவே வாயைப் பிளந்தது. சென்னையில் எல்லோரும் அடித்துக்கொள்ளும் அந்தப் பழைய, பெரிய மருத்துவக் கல்லூரியிலேயே இடம் கிடைக்கிற ரேங்க். அங்கே சேர்ந்தால் சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மாவுக்கும் பெண்ணுக்கும் இருந்த ஆசை அது ஒன்றுதான்.

கவுன்சலிங் முடிவு வந்தது. கிடைத்தது எது தெரியுமா? தென்கோடியில் ஒரு புதுக் கல்லூரி. சாயங்காலம் பஸ் ஏறினால் விடிந்த பிறகும் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அதே டியூஷனில் படித்த, இவளைவிட மார்க் குறைந்த பெண்ணுக்குச் சென்னைக் கல்லூரி!

எனக்கு ரத்தம் கொதித்தது. கம்ப்யூட்டர் கோளாறா, எவனாவது காசு வாங்கிவிட்டானா... கோர்ட்டுக்குப் போகலாம் என்று குதித்தேன். கஸ்தூரி தலையைத் தூக்கவே இல்லை.

"கோர்ட்ல போய் இன்னான்னு சொல்றது அக்கா? நாங்கதான் அத்த ஃபர்ஸ்ட்ல போட்டோம்."

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையேதான் சொன்னாள்.

விஷயம் இதுதான். எந்தக் கல்லூரி வேண்டும் என்பதை ஆன்லைனில் வரிசையாகக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். நம் ரேங்குக்கு எது முதலில் காலியாக இருக்கிறதோ, அதைக் கொடுத்துவிடும். இவர்கள் வேண்டாத ரெண்டை மேலே போட்டு, உயிராக நினைத்த கல்லூரியை மூன்றாவதாகப் போட்டிருக்கிறார்கள்.

பைத்தியமா? இல்லை. பழக்கம்.

கஸ்தூரியின் கம்பெனியில் மாதாமாதம் ஒரு ஃபார்ம் கொடுப்பார்கள். எந்த ஷிஃப்ட் வேண்டும் — முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம். முதலில் எழுதியது இதுவரை எவளுக்கும் கிடைத்ததில்லை. கேட்டதைக் கொடுத்தால் தலைமேல் ஏறிக்கொள்வார்களாம். சூப்பர்வைசரின் நிர்வாகத் தத்துவம்! அதனால் லைன் பெண்கள் அத்தனை பேரும் வேண்டாததை மேலே எழுதி, வேண்டியதைக் கீழே ஒளித்துவைப்பார்கள். புதிதாகச் சேருகிற பெண்ணுக்கு வேலை கற்றுக்கொடுப்பதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம்.

அம்மாதான் அப்படி. மகளுக்கு எங்கே போயிற்று புத்தி?

"இவ்ளோ மார்க் வாங்குனியே... விருப்ப வரிசைப்படி கொடுங்கன்னு மேலேயே போட்டிருக்குமேடி. படிக்கலையா?"

மோனிஷா நிதானமாகச் சொன்னாள். "படிச்சேன் ஆன்ட்டி. அம்மா கம்பெனி ஃபார்ம்லயும் அப்டிதான் போட்டிருக்கும்."

வாரா வாரம் இந்தப் பத்தியில் வாய் கிழியப் பேசுகிற நான், மாடிப்படி இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் கவுன்சலிங் உதவி மைய நம்பருக்கு நானே போன் போட்டேன். அங்கே பேசிய பெண்ணுக்கு நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்றே புரியவில்லை. கேட்டதைத்தானே கொடுத்திருக்கிறோம் என்றாள். முதல் விருப்பமே கிடைத்தவருக்கு அடுத்த ரவுண்டில் மேலே போக என்ன இருக்கிறது என்றும் கேட்டாள். நியாயமான கேள்வி. போனை வைத்துவிட்டேன்.

யாரைத் திட்டுவது? கம்ப்யூட்டரையா? அது யோக்கியன். எழுதியதை அப்படியே நம்பியது. இவர்கள் வாழ்க்கையில் இவர்கள் எழுதியதை நம்பிய முதல் ஆள் அதுதான்! மனசில் இருப்பதை நேராகக் கேட்டால் கிடைக்காது என்று இத்தனை பெண்களைப் பழக்கி வைத்திருக்கிறானே ஒருத்தன்... அவன் இன்றைக்கும் ஏசி ரூமில் உட்கார்ந்து அதே ஃபார்மைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறான். ஒரு பெண்ணின் சென்னைக் கல்லூரி தன் மேஜையில் தொலைந்தது அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சிரிப்பான்.

மகளைக் கொண்டுபோய் விட கஸ்தூரிக்கு லீவு வேண்டும். கம்பெனியில் ரெண்டு தேதி எழுதிக் கேட்க வேண்டுமாம். இந்தத் தடவையாவது சேருகிற தேதியை முதலில் எழுது, காரணத்தையும் சொல்லு, பெண் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்றால் எவன் மறுப்பான் என்று புத்தி சொன்னேன்.

"சும்மா இரு அக்கா. இதுலயுமா ஏமாற சொல்ற?"

சேருகிற தேதியை ரெண்டாவதாக எழுதிக் கொடுத்தாள். லீவு கிடைத்துவிட்டது.