பூட்டு பதிவக்காவின் கையில் இருந்தது

பதினோரு வருடம் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, ஓர் அட்டைப் பெட்டியோடு வெளியேறிய பெண்மணியைப் பற்றி எழுதுகிறேன். அவர்மேல் பழி விழுந்தபோது பக்கத்து நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் இதில் நல்லவனைத் தேட வேண்டாம்.

நோயாளியின் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை ஏற்றும் பம்ப் எங்கள் தயாரிப்பு. அதற்குள் இருக்கும் கெர்னல் என்ற மைய மென்பொருள் மூன்று வேலைகளை மேய்க்கிறது. மருந்தின் அளவைக் கவனிக்கும் வேலைக்குத்தான் முதல் மரியாதை. திரையில் வரைவது நடுவில்; அதை எழுதியவன் நான். நடந்ததைப் பதிந்துவைப்பது கடைசி. அதை எழுதியவர் அக்கா. அதனால் எல்லோருக்கும் அவர் பதிவக்கா.

அலுவலகத்திலும் அவர் கடைசிதான். வீட்டில் அப்பா படுத்த படுக்கை. பகலில் சம்பளத்துக்கு அவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஐந்து மணிக்குமேல் ஒரு நிமிடம் நிற்கமாட்டார். நாலரைக்கு அக்கா பையை மாட்டினால் மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். காலை ஏழு மணிக்கே அக்கா வந்து விளக்கைப் போடுவதை எந்த மகராசன் பார்த்தான்?

அளவும் பதிவும் ஒரே நினைவகத்தைத் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். அதற்கு ஒரு பூட்டு. ஒரே கழிவறை உள்ள வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனவர்தான் தாழ்ப்பாளைத் திறக்க முடியும். ஆனால் யார் எப்போது அசையலாம் என்று கெர்னல்தான் முடிவுசெய்யும். பதிவு உள்ளே இருக்கிறது, அளவு வெளியே கால் மாற்றி நிற்கிறது. அந்த நேரம் பார்த்துத் திரைக்கு வேலை வந்தால், பதிவைவிடத் திரை பெரியது என்று கெர்னல் பதிவை அப்படியே நிறுத்திவைத்துவிடும். திரை தன் பாட்டுக்கு வரைந்துகொண்டிருக்கும். பதிவு வெளியே வராது, அளவு உள்ளே போகாது.

அக்கா இதை எட்டு மாதம் முன்பே கண்டுபிடித்தார். வெளியே காத்திருப்பவரின் முன்னுரிமையை, பூட்டு வைத்திருப்பவருக்குச் சற்று நேரம் இரவல் கொடுத்தால் போதும். பதினாறு வரியில் திருத்தமும் எழுதி எனக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். கெர்னலில் கைவைக்க என் ஒப்புதல் வேண்டும். "பாக்கறேன்கா" என்றேன். பார்க்கவில்லை.

பிறகு ஒரு மருத்துவமனையில் பம்ப் ஆறு விநாடி நின்று, அலறி, தானாகவே மறுபடி கிளம்பியது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பம்ப் பதிந்த பிழை அறிக்கை வந்தது. காத்திருந்தது அளவு, பூட்டுக்கு உரிமையாளர் பதிவு. நடுவில் புகுந்து ஓடியது எது என்று அந்த அறிக்கை அச்சிடாது.

"இதோ, யாரு பேரு இருக்கு?" மேலாளர் காகிதத்தைத் தட்டினார்.

"பூட்டு என் டாஸ்க் கைலதான் சார் இருந்துச்சு. விடறதுக்கு அதுக்கு முறை வரணும்ல?" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

மின்னஞ்சலை அவரே அங்கே எடுத்துக் காட்டியிருக்கலாம். நானே சொல்வேன் என்று நம்பிவிட்டார், பாவம். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அவரை வேலையைவிட்டு நீக்கி, கணினிக் கணக்கையும் மூடிவிட்டார்கள். அதன்பின் எதைக் காட்டுவது?

அடுத்த வாரம் அந்தப் பதினாறு வரிகளை என் பெயரில் சேர்த்தேன். கூட்டத்தில் கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் எழுந்து நின்றேன்.

மூன்று மாதம் கழித்து அக்காவிடமிருந்து அழைப்பு. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வேலை போனதும், அப்பாவைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாளை நிறுத்தவேண்டி வந்ததாம். அப்பாவுக்கு முடியாமல் போய், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்.

"நம்ம பம்ப்தான்டா மாட்டியிருக்காங்க. திரைல நாலு புள்ளி ஒண்ணுன்னு வருது. அந்தத் திருத்தம் இதுல இருக்கா?"

திருத்தம் அடுத்த பதிப்பான நாலு புள்ளி இரண்டில்தான் இருந்தது. மருத்துவமனையின் பெயரைக் கேட்டு, புதுப் பதிப்பை எங்கே எப்போது ஏற்றுவது என்ற பட்டியலைத் திறந்தேன். சின்ன மருத்துவமனை, வரிசையில் கடைசி. இன்னும் ஐந்து வாரம் ஆகும். அந்த வரிசையைப் போட்டவனும் நான்தான்.

"இதுல இல்லக்கா. சீக்கிரம் போட முடியுமான்னு... பாக்கறேன்கா."



"நீ பாக்க வேணாம். நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.