இரண்டு சுவெட்டர் போட்ட குண்டுப் பிள்ளை

என் மனைவி வீட்டு வேலைக்கு வெளிநாடு போனபோது எங்கள் மகளுக்கு மூன்று வயது. "நான் பாத்துக்கிறேன், நீ தைரியமா போயிட்டு வா புள்ள" என்று பதுளை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மடுல்சீமைப் பக்கம் என்னைவிடப் பெரிய வாய்ச்சவடால்காரன் கிடையாது.

பிள்ளை அம்மாவைக் கேட்டு அழும். அழுதால் ஒரு கோப்பை சாயத்தண்ணி, பாலில்லாத வெறும் தேத்தண்ணிதான், சீனி தூக்கலாக. அழுகை நிற்கும். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்குத் தலைவலி, துக்கம், விருந்தாளி எல்லாவற்றுக்கும் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். அப்புறம் சோறு வைத்தால் வாயை இறுக்கிக்கொள்வாள். சோற்றை வீணாக்கலாமா? நான் சாப்பிடுவேன். கிளினிக்கில் கொடுத்த சத்துமாவையும், கட்டியில்லாமல் பிசைந்திருக்கிறேனா என்று ருசி பார்த்தே பாதி தீர்த்தேன்.

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் மாதாமாதம் நிறை பார்ப்பார்கள். மிட்வைஃப் அம்மா மகளைத் தராசில் தொங்கவிட்டு, நிறை குறிக்கும் கார்டையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். கோடு பச்சையைவிட்டு மஞ்சளுக்கு இறங்கியிருந்தது.

"சாயத்தண்ணிய நிப்பாட்டுங்க. அதுலயே வயிறு நெறஞ்சா புள்ள எப்படிச் சோறு திங்கும்? நீங்க மட்டும் நல்லாத்தான் ஏறியிருக்கீங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் மனைவிக்கு வீடியோ போன் பேசக் கிடைக்கும். பிள்ளையைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். மூளையைக் கசக்கினேன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுவெட்டர், காதுவரை கம்பளிக் குல்லா. குண்டுப் பிள்ளை தயார்.

"ஏங்க, அங்க அவ்வளவு குளிரா?"

"பனி கொட்டுது புள்ள" என்றேன், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"அப்பா, ரெண்டு சுவெட்டரும் வேணாம்ப்பா" என்றாள் மகள்.

"கழட்டுங்க" என்றாள் மனைவி.

கழற்றினேன். கழுத்தெலும்பு தெரிந்தது. லைன் கட்டாகியிருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். திட்டியிருந்தால் ஏதாவது கோமாளித்தனம் பண்ணித் தப்பித்திருப்பேன். அவள் திட்டவில்லை.

"சோறு இருக்கா? கொழையப் பெசஞ்சு எடுத்துட்டு வாங்க."

பருப்பு ஊற்றிப் பிசைந்து வந்தேன். அங்கே, யாரோ வீட்டுக் குசினியில் நின்றபடி, அவளும் ஒரு தட்டை எடுத்திருந்தாள்.

"அம்மாவுக்கு ஒரு வாய். தங்கத்துக்கு ஒரு வாய்."

அவள் வாயைத் திறந்தாள், மகளும் திறந்தாள். ஒரு கையில் போன், ஒரு கையில் சோறு, நடுவில் நான். மனைவி மெல்வதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் ஏக்கமாக இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பாள். சத்தியமாக அன்று நான் ஒரு பருக்கைகூடத் தின்னவில்லை.

ஏழாவது வாய்க்கு யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "இந்தா வாரேன் தங்கம்" என்றாள். திரை கறுத்துவிட்டது. மகள் அதையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து காத்திருந்தாள். அவசரமாக அடுத்த வாயை ஊட்டினேன். கை வலித்தது. தட்டு காலியாகும்வரை போனை இறக்கவில்லை.